தெருவை முறுக்கியவள்

கரூருக்குக் கிழக்கே, கொசுவலைத் தறிகள் ஓயாமல் இரைகிற பக்கத்தில், நுழைவு வளைவில் ஸ்ரீ மகாலட்சுமி அவென்யூ என்று பொன்னெழுத்தில் எழுதிய ஒரே ஒரு தெரு இருந்தது. அவென்யூ என்றால் என்னவென்று அங்கே குடியிருந்த யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் கிடையாது, ஆனால் கூரியர்காரன் தெரு என்று சொல்லிவிட்டால் "அவென்யூன்னு சொல்லப்பா" என்று திருத்துவதில் ஆளாளுக்கு ஒரு சுகம் இருந்தது. வளைவுக்கு மேற்கே நிழலில்லாத நீண்ட பொட்டல் சாலை, அதன் முடிவில் பஸ் நிறுத்தம். வளைவுக்குக் கிழக்கே இரண்டு பக்கமும் வீடுகள், கடைசி வீட்டுக்கு அப்பால் தார் முடிந்து மண் தொடங்கிச் சீமைக்கருவேலம் மண்டிய காடு, அதற்கும் அப்பால் ஜீவா நகர். ஜீவா நகரை அவென்யூக்காரர்கள் ஒருநாளும் அதன் பெயரால் அழைத்ததில்லை. "கீழ்க்கோடி" என்பார்கள், சொல்லும்போதே மூக்கு சுருங்கும்.

வளைவைத் தாண்டியதும் முதல் வீடு நவமணியுடையது. தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, நாற்பது வயதைக் கடந்தவள், தெருவில் எல்லோரையும் இளப்பமாகப் பார்ப்பவள். அதற்கு அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் நிற்கத் தெரியாது என்பாள். சங்கத் தலைவர் சென்னியப்பன், ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார், எப்போதும் யாரோ மேலதிகாரி எதிரே வருவதுபோல் முன்னால் வளைந்து நிற்பார், கீழே இருப்பவர்களிடம் பேசும்போது மட்டும் பின்னால் வளைவார். மளிகைக்கடை லோகநாயகி ஒரு இடுப்பில் சாய்ந்தே நின்று நின்று அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டவள். நவமணியின் கணவன் ஈஸ்வரமூர்த்தி, பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் மேஸ்திரி, சுவரோ தூணோ கதவோ ஏதாவது ஒன்றில் சாயாமல் அவனால் ஒரு வாக்கியம் பேச முடியாது. நேராக நிற்பது என்பது நவமணிக்குத் தெரிந்து வில்லைப் பிடித்திருக்கும்போது அவள் ஒருத்திக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

வில் என்றால் கோயில் சிலையின் கையில் இருக்கிற வில் அல்ல. காம்பவுண்டு வில்; மேல் முனையிலும் கீழ் முனையிலும் கோணல் சக்கரம் உருளும், சக்கரத்துக்குச் சக்கரம் நாணும் இரண்டு கேபிள்களும் ஓடும். பழைய வில்லாக வாங்கியது. நாண் தளர்ந்து கேபிள் நீண்டு, இழுக்கும்போது ஒரு சக்கரம் முந்தவும் இன்னொன்று பிந்தவுமாக இருந்தது, அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போனது. மாநிலத் தேர்வுப் போட்டிக்கு அதிக நாள் இல்லை. கேபிளைக் கழற்றி முறுக்கேற்ற வேண்டுமென்றால் வில்லை அழுத்திப் பிடிக்கிற பிரஸ் வேண்டும், அது கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் இருந்தது, அங்கே இருந்த பயிற்சியாளன் அவள் வயதைக் கேட்டுவிட்டு, வில்லைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வச்சுட்டுப் போங்க மேடம். பசங்க வில்லெல்லாம் முடியட்டும், பாக்கலாம். வீட்டுல மட்டும் நோண்டிறாதீங்க, கை போயிரும்."

அவள் வில்லை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பையன்கள் வில்லெல்லாம் முடிந்து இவளுடைய முறை வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும் என்பது அவன் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, கணவன் பட்டறையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த லாரிச் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டுகளை எடுத்தாள். சாப்பாட்டு மேஜையின் மேல் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போட்டு, வில்லைக் கிடத்தி, ஆலன் சாவியால் வில்லின் மேல்கை, கீழ்க்கை இரண்டையும் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு முனையிலும் பெல்ட்டை மாட்டி, ஒரு பக்கம் ஒரு கடகட, மறு பக்கம் ஒரு கடகட என்று மாற்றி மாற்றி இறுக்கினாள். வில் முதுகு வளைந்து முனங்கியது. நாண் தொய்ந்தது. மேல் கேபிளின் நுனி வளையத்தைச் சக்கரத்தின் கொக்கியிலிருந்து கழற்றி, ஏற்கெனவே முறுக்கு ஓடுகிற திசையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மாட்டி, பெல்ட்டைத் தளர்த்தினாள்.

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.

அவள் வெளியே போய்ப் பார்த்தாள். பொட்டல் சாலை இல்லை. வளைவுக்கு வெளியே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரையும் சிமெண்டுப் பலகையும் அதன் மேல் எப்போதும் படுத்திருக்கும் செவலை நாயும் அப்படியே வந்து நின்றன. நாய் கண்ணைத் திறக்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கியபடி அவளைப் பார்த்து, "ஏறறீங்களா இல்லியா?" என்றான். லோகநாயகி கூடையோடு வீட்டிலிருந்து வந்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், நவமணியைப் பார்த்தாள், "இன்னிக்கு வெயிலே தெரியலீங்" என்றாள், ஏறிப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். ஒரு சாலையே சுருங்கிக் காணாமல் போனதற்கு அந்தத் தெரு காட்டிய வியப்பு அவ்வளவுதான். மறுநாள் பால்காரர் முன்னதாக வந்தார், பேப்பர் முன்னதாக வந்தது, தண்ணீர் லாரிக்காரர் டீசல் மிச்சம் என்றார், பிறகு யாரும் அதைப்பற்றி யோசிக்கவில்லை. அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில், பஸ் நிறுத்தத்தை அருகில் கொண்டுவர வேண்டி முன்னொரு காலத்தில் தாம் கொடுத்த மனுவின் பயனாகவே இது நடந்தது என்று சென்னியப்பன் அறிவித்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் வளைந்து வாங்கிக்கொண்டார். நவமணி பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னவன் ஈஸ்வரமூர்த்திதான். நல்ல எண்ணத்தில் அல்ல. டீக்கடையில் பெருமைக்குச் சொன்னான். அவள் இரண்டாம் முறை பெல்ட்டை இறுக்கியபோது அவன் கதவில் சாய்ந்து நின்றிருந்தான், கேபிள் சுற்றச் சுற்ற ஜன்னலுக்கு வெளியே ரேஷன் கடை ஊர்ந்து வருவதைத் தன் கண்ணால் பார்த்திருந்தான்.

அதற்குப் பிறகு வீட்டு வாசலில் செருப்புக் குவியல். அதுவரை அவளைத் தாண்டிப் போகும்போது "வில்லு புடிக்கிற பொம்பள" என்று தங்களுக்குள் வாயைக் கோணியவர்கள் எல்லாம் இப்போது வாழைப்பழத்தோடு வந்தார்கள். லோகநாயகிக்குப் புதிதாக முளைத்த எதிர்க் கடையைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். ஒருத்தருக்கு மாரியம்மன் கோயில் வீட்டுக்கு நேரே வர வேண்டும், ஆனால் கோயில் மைக் செட் வரக்கூடாது. இன்னொருத்தருக்கு மகன் குடியிருக்கும் வீடு கிட்டத்தில் வர வேண்டும், அதே வீட்டில் இருக்கிற மருமகள் வராமல் இருக்க ஏதாவது வழி உண்டா? இறந்தவர்களைப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று கேட்க ஒருத்தர்கூட வரவில்லை. கடலைக் கேட்கவில்லை, மலையைக் கேட்கவில்லை. உலகத்தின் தூரத்தையே சுருக்குகிற ஒரு கயிறு தங்கள் தெருவில் கிடக்கிறது என்று தெரிந்தபின் அவர்கள் கேட்டதெல்லாம் நடக்காமல் இருப்பதற்கு.

"இது வில்லுங்க" என்றாள் நவமணி. "மளிகைச் சிட்டை இல்ல."

"கோவிச்சுக்காதீங் டீச்சர். ஒரு சுத்து சுத்தறதுல உங்களுக்கு என்ன கொறஞ்சுது?" என்றாள் லோகநாயகி.

ஆனால் வெறுத்தபடியே அவள் ஒன்றை வாங்கிக்கொண்டாள். தெருவின் நடுவில் சங்கம் பூட்டி வைத்திருந்த பூங்கா இடம் ஒன்று உண்டு, செடியே இல்லாத பூங்கா, அதில் பயிற்சி செய்ய அவள் முன்பு கேட்டபோது "பொம்பளைங்க நடமாடுற எடத்துல அம்பு விடறதா?" என்று சென்னியப்பன் மறுத்திருந்தார். இப்போது அவரே சாவியைக் கொண்டுவந்து தந்தார், முன்னால் வளைந்து. அவள் நேராக நின்று வாங்கினாள். வாங்கினாள் என்பதுதான் விஷயம்.

அங்கே வைக்கோல் இலக்கை நட்டு வில்லை இழுத்தபோதுதான் கோளாறு தெரிந்தது. மேல் கேபிளை முறுக்கியதில் மேல் சக்கரம் முன்னாலேயே போய் முட்டி நின்றது. கீழ்ச் சக்கரம் பின்தங்கியது. இரண்டும் ஒரே கணத்தில் போய் முட்டாவிட்டால் வில் கையில் நெளியும், அம்பு வாலை உதறும். கீழ் கேபிளையும் அதே அளவு முறுக்கியாக வேண்டும். மேல் கேபிள் மேற்கை இழுத்திருந்தது; இது தெருவின் எந்தப் பக்கத்தை இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மேஜையில் பெட்ஷீட்டை விரித்தாள். நியாயம், சமத்துவம் என்று எதையும் அவள் நினைக்கவில்லை, பிற்பாடு அப்படி நினைத்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவளுக்கு வில் சரியாக வேண்டும், அவ்வளவுதான்.

கருவேலங்காடு துணி மடிப்பதுபோல் மடிந்து மறைந்தது. ஜீவா நகர் மெல்ல, ஓடு சரியாமல், உலையில் கொதிக்கும் சோறு தளும்பாமல், கொடியில் காய்ந்த புடவை அசையாமல் வந்து, சென்னியப்பன் வீட்டு மாமரத்துக்கு அடுத்தபடியாக நின்றது.

இப்போது அவென்யூ வியந்தது. பஸ் நிறுத்தம் வந்தபோது வராத வியப்பெல்லாம் இப்போது வந்தது. கதவுகள் சாத்தப்பட்டன. சென்னியப்பன் மாமரத்தின் அந்தப் பக்கக் கிளைகளை ஆள் வைத்து வெட்டினார். அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள்.

"அம்மிணி, நாங்க யாரையும் தப்பாச் சொல்லலே" என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். தப்பாகச் சொல்லப்போகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "அவங்களுக்குன்னு ஒரு எடம் இருக்குது, நமக்குன்னு ஒரு எடம் இருக்குது. மேக்கால இழுத்தது நல்ல காரியம். கெழக்கால மட்டும் பழையபடி தள்ளிவுட்டுருங்க. இன்னுங் கொஞ்சம் சேத்தித் தள்ளினாலுஞ் செரி."

"ஒண்ணை இழுத்து ஒண்ணை வுட்டா வில்லு நிக்காதுங்க. ரெண்டு சக்கரமும் ஒண்ணா முட்டோணும்."

"வில்லு கெடக்குது வுடுங்க. தெரு முக்கியமா, வில்லு முக்கியமா?"

"எனக்கு வில்லுதான்" என்று சொல்லிவிட்டு நவமணி எழுந்து வந்தாள். ஈஸ்வரமூர்த்தி மட்டும் அங்கேயே தூணில் சாய்ந்திருந்தான்.

மறுநாள் காலை அவள் வாசலில் இன்னொருத்தி நின்றாள். ஜீவா நகர் செவந்தா, கொசுவலைக் கம்பெனியில் ஓரம் தைப்பவள், நவமணி வயதுதான் இருக்கும், தினமும் அந்த வழியாகப் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நவமணி நினைத்தாள். கொஞ்சம் கூச்சத்தோடு, "உள்ள வாங்க" என்றாள்.

"வல்லீங்க" என்றாள் செவந்தா. "ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எங்களை எதுக்குங்க இழுத்தீங்க? யாருங்க கேட்டா?"

நவமணி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க பாட்டுக்குக் காத்தோட்டமா இருந்தோம். இப்ப அந்தத் தாசில்தாரு காலையில காறித் துப்பறது எங்கூட்டு அடுப்படிக்குக் கேக்குது. அவங்க சண்டை, அவங்க டிவி, அவங்க தாளிக்கிற வாசம். ராமுச்சூடும் மோட்டாரு. பஸ்ஸு கிட்ட வந்துது, செரி. அதுக்காக இவங்க மூஞ்சியிலயா முழிக்கோணும்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் நடக்கிற நேர்த்தியை, தோள் அசையாத நடையை, நவமணி அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அத்தனை வருஷம் தன் வாசலைத் தாண்டிப் போனவள்தான். பார்த்துவிட்டு உள்ளே போய் வில்லை எடுத்துக்கொண்டாள். ஏனென்றால் வில் அப்போது அப்படி இருந்தது. இரண்டு சக்கரமும் ஒரே மூச்சில் உருண்டு ஒரே கணத்தில் முட்டின, நாணில் கட்டிய, குறி பார்க்கிற சின்ன வளையம் தானாகவே கண்ணுக்கு நேரே திரும்பி நின்றது, விட்ட அம்பு விட்ட இடத்தில் போய்ச் செருகியது, அதன் பின்னால் விட்டது அதன் பக்கத்தில் உரசி நின்றது. பூட்டிய பூங்காவுக்குள் அவள் சந்தோஷமாக இருந்தாள். வெளியே யார் யாரைப் பார்த்து மூக்கைச் சுருக்குகிறார்கள் என்பதை அவள் கவனிக்கவில்லை. அவர்களை இளப்பமாக நினைப்பதே போதுமான காரியம் என்று நினைத்திருந்தாள்.

பள்ளிப் பிள்ளைகளை வட்டார விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு அவள் வெளியூர் போயிருந்தபோது சுவர் எழும்பியது.

சென்னியப்பன் வீட்டுக்கும் ஜீவா நகருக்கும் நடுவே, தெருவின் குறுக்கே, ஒரு காம்பவுண்டிலிருந்து எதிர்க் காம்பவுண்டு வரை, ஆள் உயரத்துக்கு மேல் ஹாலோ பிளாக் சுவர். பாம்பு வருகிறது என்றார்கள். நாய் வருகிறது என்றார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு என்றார்கள். மாயமோ மந்திரமோ எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அதைச் சமாளிக்க அவர்களிடம் பழைய வைத்தியம் ஒன்று இருந்தது, அதற்குக் கல்லும் சிமெண்டும் ஒரு கொத்தனாரும் போதும். ஊரிலிருந்து திரும்பிய நவமணி பையைக்கூட இறக்காமல் போய்ப் பார்த்தாள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. தெருவில் எதுவும் நேராக இல்லாவிட்டாலும் அந்தச் சுவர் தூக்குக் குண்டு போட்டதுபோல் நேராக இருந்தது.

"மட்டம் யாருங்க பாத்தது?" என்று கேட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி மாமரத்தில் சாய்ந்தான். "மட்டக்குழாயை ஒரு கை புடிங்கன்னாங்க. புடிச்சேன். நாம இங்க குடியிருக்கோணுமில்ல அமுணி?"

அவள் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போடவில்லை. சண்டை போட ஆள் நிற்க வேண்டுமே.

ஜீவா நகர்க்காரர்களுக்கு இப்போது பஸ் ஏற ஒரே வழி, தெற்கே இறங்கி ஏரிக்கரை மேல் சுற்றி வருவது. சுற்றித்தான் வந்தார்கள். மனு கொடுத்தார்கள், மனு வாங்கினவர் பாம்புத் தொல்லை உண்டா என்று சென்னியப்பனிடமே விசாரித்தார். அவென்யூவில் டிவி ஓடியது, மோட்டார் ஓடியது, கூட்டத்தில் முறுக்கும் காபியும் கொடுத்தார்கள். நவமணி தேர்வுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தாள். அடுத்த ஞாயிறு போட்டி. சுவரைப் பார்க்காமல் இருக்கப் பூங்காவில் இலக்கைத் திசை மாற்றி நட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் செவந்தா மறுபடி வந்தாள். ஏரிக்கரைச் சேறு முழங்கால் வரை அப்பியிருந்தது.

"மருமவளுக்கு இடுப்புவலி கண்டுச்சுங்க" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "வண்டி கரை மேல ஏறல. பாயில வெச்சுத் தூக்கிட்டு வந்தோம். பாதி வழியிலயே பெத்துட்டா. பனமரத்தடியில. கொழந்த நல்லாருக்குது. உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்கிட்ட எதுக்கு..." என்று ஆரம்பித்தாள் நவமணி.

"நீங்கதான இழுத்தீங்க" என்றாள் செவந்தா. "அவங்க எப்பவும் அப்படித்தான். எங்களுக்குத் தெரியும். நீங்க வேற மாதிரின்னு காட்டிட்டுத் திரியறீங்களே, அதான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு."

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். வாசற்படியில் சேற்றுத் தடம் காய்ந்து வெளுக்கிற வரைக்கும் நவமணி நின்ற இடத்திலேயே நின்றாள். நேராகத்தான் நின்றாள். நேராக நிற்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அத்தனை நாள் தெருவின் மேல் வைத்திருந்த இளப்பமெல்லாம், கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள் மாடு நுழைவதுபோல், ஆர அமர அவளுக்குள்ளேயே வந்து நின்றுகொண்டது.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை, வெயில் உச்சியில் இருக்கையில், மேஜையில் பெட்ஷீட்டை விரித்தாள். பெல்ட்டை மாட்டினாள். கீழ் கேபிளைக் கழற்றி, போட்ட முறுக்கையெல்லாம் பிரித்தாள். பிரித்தபின்னும் நிறுத்தவில்லை, வில் செய்த கம்பெனியில் போட்டுவந்த முறுக்கையும் பிரிக்கத் தொடங்கினாள். நூல் நூலாகக் கேபிள் விட்டுக்கொடுத்தது. மெழுகு உதிர்ந்தது.

தெரு கிழக்கே நகர்ந்தது. வீடும் மரமும் மின்கம்பமும் பூங்காவும் எல்லாம் நகர்ந்தன, சுவரைத் தவிர. ஏனென்றால் சுவர் புதிதாக முளைத்தது, வில்லுக்கு அதைத் தெரியாது. அது நின்ற இடத்திலேயே நிற்க, அதன் அடியில் தெரு பாய் இழுபடுவதுபோல் போயிற்று. முதலில் சென்னியப்பன் வீடு மாமரத்தோடு சுவருக்கு அந்தப் பக்கம் போனது. சென்னியப்பன் வராண்டாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார், எதிரே ஈஸ்வரமூர்த்தி தூணில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தான், இருவரும் பேச்சை நிறுத்தாமலே போனார்கள். அடுத்து லோகநாயகி வீடும் கடையும், கடையில் கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அவளும். அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, எதிர்ச் சாரியில் ஒன்று, இந்தச் சாரியில் ஒன்று என்று, பந்தியில் ஆள் எழுந்து போவதுபோல், அவென்யூ முழுவதும் தான் கட்டிய சுவருக்கு வெளியே போய்ச் சேர்ந்தது. அதற்கும் முன்னால் ஜீவா நகர் கிழக்கே வெகுதூரம் போய், பழையதைவிடத் தள்ளி, ஒரு மேட்டில் காற்றோட்டமாக நின்றது. பஸ் நிறுத்தத்தின் பக்கம் மிஞ்சிய ஒரே வீடான நவமணி வீட்டுக் கேட்டை ஒட்டினாற்போல் சுவர் நின்றது.

அவள் கேபிளை மாட்டப் போனாள். பிரித்த கேபிள் நீண்டு தொங்கியது, சக்கரத்தின் பள்ளத்தில் உட்காரவில்லை. கையால் பிடித்துக்கொண்டு பெல்ட்டைத் தளர்த்தினாள். ஒரு பக்கம் முந்திக்கொண்டு பெல்ட் நழுவியது. வில்லின் கீழ்க்கை துப்பாக்கி வெடித்ததுபோல் நீளவாக்கில் பிளந்தது. நாண் சீறிக்கொண்டு வந்து அவள் முன்கையைத் தோலோடு கிழித்துவிட்டு இரண்டு துண்டாய்த் தரையில் விழுந்தது. அவள் கையைக் குழாயடியில் காட்டித் துணி சுற்றிக்கொண்டாள். ரயில் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு குப்பைக் கூடையில் போட்டாள். அழுதாள், கொஞ்ச நேரம்தான். அது வில்லுக்காக மட்டும்.

சாயங்காலம் ஈஸ்வரமூர்த்தி ஏரிக்கரை சுற்றி வந்து சேர்ந்தான். முழங்கால் வரை சேறு. டீ டம்ளர் இன்னும் கையில் இருந்தது. காலைக் கழுவிக்கொண்டு வந்து, எதன் மேலும் சாயாமல் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டான்.

ஞாயிறும் திங்களும் அவென்யூக்காரர்கள் ஏரிக்கரையில் வரிசையாக நடந்தார்கள். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டும், முன்னால் ஜீவா நகர்க்காரர்கள் நடக்கிற தடத்தில் கால் வைத்து நடந்தார்கள், ஏனென்றால் வழுக்காத இடம் எதுவென்று தடம்தான் காட்டியது. செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் சறுக்கி விழுந்தார். புதன்கிழமை காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

அவர்களேதான் இடித்தார்கள். கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டு, வைத்த கல்லையே பெயர்த்தார்கள். சுவர் காற்றை மறைக்கிறது என்றார்கள். ஆம்புலன்ஸ் வர வேண்டாமா என்றார்கள். பொதுவழியை மறிப்பது சட்டப்படி குற்றம் என்று சென்னியப்பன் பிரிவு எண்ணோடு எடுத்துச் சொன்னார், சுவர் யார் கட்டியது என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. சுவர் இருந்த இடத்தில் இரண்டு கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, தட்டில் கத்தரிக்கோல் வைத்து, பாதைத் திறப்பு விழா என்று பேனர் வைத்தார்கள். பொன்னாடை ஒன்று தயாராக இருந்தது.

சென்னியப்பன் மைக்கைப் பிடித்து மனித நேயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கிழக்கேயிருந்து செவந்தா வந்தாள், கம்பெனிக்குப் போகிற நேரம். பின்னால் அவள் மருமகள், துணியில் சுற்றிய குழந்தையோடு, ஊசி போடுவதற்கு. கூட்டம் ஒதுங்கவில்லை. செவந்தா நின்று காத்திருக்கவும் இல்லை. ரிப்பனைக் கொடியில் கிடக்கும் ஈரத்துணியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி, மருமகளை முன்னால் விட்டு, தானும் குனியாமல் கடந்து போனாள். கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. மேடையை அவள் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

நவமணியின் கேட்டுக்கு நேரே வந்தபோது, சுற்றிய கையைப் பார்த்துவிட்டு ஒரு நொடி நின்றாள். "ரொம்பத் தூரம் தள்ளிவுட்டுட்டீங்க" என்றாள். "பரவால்ல. காத்து வருது." போய்விட்டாள்.

விழா முடிந்து மிக்சர் பொட்டலம் கொடுத்தார்கள். வெயில் ஏறியிருந்தது. திரும்பிப் போக வேண்டிய தெரு, பிரித்த கேபிளின் நீளத்துக்கு, கண்ணுக்கு எட்டுமட்டும் கானலில் நெளிந்து கிடந்தது. வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, கடைசி வீட்டு மாமரம் ஒரு பச்சைப் புள்ளியாய்த் தெரிந்தது. லோகநாயகி பெருமூச்சு விட்டாள். சென்னியப்பன் பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நவமணியின் கேட்டருகே வந்தார். முன்னால் வளைந்தார்.

"அம்மிணி, செவுருதான் போயிருச்சே. இனி மனசுல ஒண்ணும் வெச்சுக்காம, எங்க ஊடுகளைப் பழையபடி கொஞ்சம் இழுத்து வுட்டுருங்களேன். ஒரு சுத்துப் போதும். வயசான காலத்துல, இந்த வெயில்ல..."

நவமணி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், கையில் மிக்சர் பொட்டலத்தோடு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு, அவள் பதிலுக்காகக் காத்திருந்த மொத்த அவென்யூவையும் பார்த்தாள்.

"நடங்க" என்றாள்.